உன் அமெரிக்கச் சகோதரர்கள்

துபாய் சத்வாவில் ஒரு தையல்கடையில் பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். இஸ்திரிச் சூடும் புதுத்துணியுமாக ஒரு வாசனை வர, நீ நினைவுக்கு வந்துவிட்டாய். நெஞ்சில் மூன்று கிரேக்க எழுத்துகள் தைத்த கோட்டோடு அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தாயே, அதற்குக் கை நீளம் என்று இங்கேதான் குறைத்தோம். திரும்பும்போது கோட்டு இருந்த பையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாய். எனக்கு அதைத் தூக்கவே பிடிக்கவில்லை.

அதற்கு முந்தைய லீவில்தான் நீ முடிவெடுக்க முடியாமல் தவித்தாய். முதல் வருடம் முடிந்திருந்தது. ஒரே வீட்டில் தங்கி, ஆயுசுக்கும் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ளும் காலேஜ் பையன்களின் ஃபிரட்டர்னிட்டி உன்னைக் கூப்பிட்டிருந்தது. கோட்டில் இருந்த அந்த மூன்று எழுத்துகள்தான் அதன் பெயர். சேரலாமா, வேண்டாமா? ரோலா கடைத்தெருவில் டீயை ஆறவிட்டபடி என்னைத்தான் கேட்டாய். எதிரெதிர் ஃபிளாட்டில் வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வீட்டுச் சாவி உங்கள் வீட்டில் தொங்கும், உங்கள் இட்லிப் பாத்திரம் எங்கள் வீட்டில் கிடக்கும். இதற்கு மேல் உனக்கு எதற்கு அண்ணன் தம்பி என்று பற்றிக்கொண்டு வந்தது.

“அப்பா விசா முடிஞ்சா இது நம்ம ஊர் இல்ல. மதுரைக்குப் போனா துபாய்க்காரன்ங்கறாங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல நம்ம பேரு இருக்கட்டும்டா” என்றாய்.

என் விசாவும் அப்பாவின் வேலையை நம்பிய விசாதான். “சேருடா, மாஃபி முஷ்கில்” என்றேன். ஒரு கஷ்டமும் இல்லை என்பதை அரபியில் சொல்வது சுலபமாக இருந்தது.

அப்புறம் உன் போட்டோக்களை ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன், இவர்களில் எவன் உனக்கு நெருக்கம் என்று. ஒருவன் உன் கட்டம்போட்ட சட்டையைப் போட்டிருந்தான். ரோலாவில் நாம் இருவரும் ஒரே மாதிரி எடுத்த சட்டை. என்னுடையதை அதன்பிறகு நான் போடவில்லை.

போன குளிர்காலத்தில் பனி ரோட்டில் கார் புரண்டு நீ போய்விட்டாய். இரங்கல் கூட்டத்தை வீடியோவில் பார்த்தேன். ஒவ்வொருவனும் உன்னை ‘என் பிரதர்’ என்று சொல்லி அழுதான். நானும் அழுதேன். அந்த அழுகையிலும் அவர்கள்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.

முடிந்ததும் அவர்களில் ஒருவன் என்னைத் தேடிப்பிடித்து போனில் அழைத்தான். சேரும் நாளில் ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இதுவரை உனக்குச் சகோதரன் யார் என்று கேட்பார்களாம். ஒற்றைப் பிள்ளையான நீ எழுந்து என் பெயரைச் சொன்னாயாம். பெயரைச் சரியாக உச்சரிக்கிறேனா என்று கேட்டான். சரிதான் என்றேன்.

என்னிடம் நீ ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. உன் வாயால் அதை அவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. அந்தப் பொறாமை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.