நாகப்பன் கேட்ட துப்பாக்கி

4 மார்ச் 1976
பக்கத்து வீட்டு நாகப்பன் துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டுவிட்டான். காட்டுப்பன்றி எங்கள் லயத்து வீடுகளின் மரவள்ளியை விட்டுவைப்பதில்லை. சுட்டால் லயம் முழுக்கக் கறிப் பங்கு. தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டும்போதே எனக்கு மிளகு வாசம் அடிக்கிறது. வெட்கங்கெட்ட நாக்கு.

11 மார்ச்
போலீஸ் கோப்ரல் விசாரிக்க வந்தார். தோட்டத்துத் துரையைக் கேட்டார், ஆபீஸ் பெரிய கிராணியைக் கேட்டார். போலீசில் ஒரு கேசும் இல்லையாம். எப்படி இருக்கும்? பொண்டாட்டி ரஞ்சிதம் கழுத்தில் பாராங் கத்தியை வைத்தவனை, கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லிக் கங்காணியே முடித்துவிட்டாரே. நம் சண்டை எது ஸ்டேஷன் வரை போயிருக்கிறது?
போகிறபோக்கில் என்னையும் கேட்டார். "தங்கமான ஆளு லா" என்றேன். சொன்னது நானா, பன்றிக்கறியா?

12 மார்ச்
பாராங் என்றால் ஓடலாம். துப்பாக்கி என்றால்?

15 மார்ச்
பிரிஞ்சாங் டவுனுக்குப் புறப்படும்போது ரஞ்சிதம் லோரியில் ஏறிக்கொண்டாள். 'ம்' தவிர அவள் வேறு பேசிக் கேட்டதில்லை. மார்க்கெட்டுக்கு என்று நினைத்தேன். "ஸ்டேஷன் வாசல்ல நிறுத்துங்கண்ணே" என்றாள். நிறுத்தினேன்.
பின்னாலேயே போனேன். உடைந்த மலாயில் கோப்ரலிடம் எல்லாம் சொன்னாள், கழுத்துத் தழும்பைக் காட்டினாள். கடைசியில்:
"என்னை யாருமே கேக்கலையே, துவான். அந்தத் துப்பாக்கி இருக்கிற வீட்டுல நான்தானே படுக்கணும்?"
கோப்ரல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இனி வீட்டுக்காரியைத் தனியாகக் கேட்காமல் யாருக்கும் சிபாரிசு எழுதமாட்டேன் என்றார்.
அம்மாடி. இவளா! திரும்பும்போது, திருநாளில் மாதா சொரூபத்தை ஏற்றிப் போகிற மாதிரி மெதுவாக ஓட்டினேன். வழியெல்லாம் ஊர்க்கதை அளக்கிற எனக்கு அன்று பள்ளம் பார்த்து ஓட்டுவதே வேலை.

2 ஏப்ரல்
லைசென்ஸ் கிடையாது. பழைய பாராங் கதை போலீசுக்குத் தெரிந்துவிட்டதாம். "எவன்டா சொன்னது?" என்று நாகப்பன் லயத்தில் நின்று கத்தினான். ரஞ்சிதம் குழாயடியில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.
தோட்டத்து ஓட்டைவாய் யார்? "நான்தான்டா உளறிட்டேன்" என்றேன்.
ஒரே அறை. பல் ஆடுகிறது. கறி போன கோபத்தில் லயமே திட்டுகிறது. ஆனால் ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. இந்த வாய்க்கு இப்படியும் ஒரு பயன்.

9 ஜனவரி 1977
கோப்ரல் இந்தப் பக்கம் வந்தால் ரஞ்சிதம் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நலம் கேட்கிறார். நாகப்பன் பூனையாகிவிட்டான்.
திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டக்காரர் துப்பாக்கி கேட்டாராம். கோப்ரல் நேரே அடுப்படிக்குப் போய் அவர் சம்சாரத்தை விசாரித்தாராம். ஏன் இந்தப் புதுப் பழக்கம் என்று டவுனில் ஒரே பேச்சு. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
காலையில் பார்த்தால் என் மரவள்ளிப் பாத்தியைப் பன்றி உழுதுபோட்டிருக்கிறது.
தின்னட்டும்.