நீங்கள் எழுதாத காணிக்கைக் கவர்

மைனி,

இன்று காலையில் சர்ச்சில் மணியடிக்கிறவர் வந்து ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தந்துவிட்டுப் போனார். அறுப்பின் பண்டிகை வருகிறதல்லவா. மேலே பெயருக்கு ஒரு கோடு, கீழே எதற்காக நன்றி என்று காரணம் எழுத இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் கவரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உங்களை அடக்கம் செய்து நாலு மாதம் ஆகிறது. இருந்தும், உங்கள் முன்னால் நிற்கிற மாதிரி வெட்கமாக இருந்தது.

என் அண்ணன் வடசேரியில் கடைச் சாமான் வாங்கிக்கொண்டு உங்களோடு திரும்பிய மத்தியானம் அது. மதக் கலவரம் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. நம் ஊர்ச் சந்தியில் மறித்தார்கள். சைக்கிளின் பின்னால் இருந்த நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தீர்கள். வேறு சாட்சி கிடையாது. நம் ஆட்களும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளும் எரிந்தன. அதைப் பற்றி நம் சர்ச்சில் ஒருவரும் வாய் திறந்ததில்லை, நானும்தான்.

போலீஸ் பிடித்தது நாலு பேரை. கோர்ட்டுக்குப் போகிற அன்று உங்களுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன்: "நாலு பேரையும் கை காட்டுங்க மைனி. ஒருத்தனையும் விடாதீங்க."

"நாலாவது உள்ளவன் அங்க இல்லட்டி. பாக்காத ஆள நான் எப்படிக் காட்ட?"

"அவனும் அந்தக் கூட்டம்தானே?"

வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டீர்கள். "எனக்க மாப்பிளய வெட்டினவனும் இப்படித்தான் நெனச்சிருப்பான்."

கோர்ட்டில் மூன்று பேரைக் காட்டினீர்கள். முதல் வெட்டு வெட்டியவனை விரல் நீட்டிக் காட்டினீர்கள். நாலாமவனைப் பார்த்து, "இவன் இல்ல சார்" என்றீர்கள். மூன்று பேரும் ஜெயிலுக்குப் போனார்கள், அவன் வீட்டுக்குப் போனான். நம் ஆட்கள் ஆறு மாதம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் உம்மென்றுதான் திரிந்தேன்.

பிறகு எனக்குத் திடீரென்று பக்தி முற்றியது. பரமண்டல ஜெபத்தில் மற்றவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்லும் வரி வரும்போது மட்டும் நீங்கள் வாயை மூடிக்கொள்வதைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வீர்கள். அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கும் எழுந்து போவதில்லை. எல்லாம் உங்கள் ஆத்துமாவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சபையார் என்ன பேசுவார்கள் என்கிற பயம்தான். அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு உங்கள் பெயரில் நானே ஒரு கவர் போட்டேன். காரணம்: 'என் கணவரைக் கொன்றவர்களை மன்னிக்கக் கிருபை தந்ததற்காக.'

போதகர் ஐயர் அதைச் சபை நடுவில் வாசித்தார். "ஸ்தோத்திரம்" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம். நீங்கள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தீர்கள்.

"ஐயரே, அத நான் எழுதல. நான் இன்னும் மன்னிக்கல. கடவுளுக்க முன்னால கள்ளம் வாசிக்காதீங்க."

உட்கார்ந்துவிட்டீர்கள். ஐயர் இருமிவிட்டு அடுத்த கவரை எடுத்தார். நான் பாட்டுப் புஸ்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் உங்கள் கண்ணில் படாமல் ஒளிந்து நடந்தேன். பிறகு அடுக்களையில் நீங்கள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து, நான்தான் எழுதினேன் என்று அழுதேன்.

"தெரியும். வேற எவளுக்கு அந்தத் துணிச்சல் வரும்? உன்ன மன்னிச்சாச்சு, போ. கெழங்கக் கழுவு."

என்ன ஜென்மமோ நான், அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படியே முதல் வெட்டு வெட்டினவனையும்..." என்று இழுத்தேன்.

கத்தி நின்றது. "நீ வந்து கேட்ட. அவன் வரலியே. ஜெயில்ல கெடக்கியது கோர்ட்டு சொன்னதுக்கு. எங்கிட்ட அவன் ஒரு வார்த்த சொல்லலட்டி. வரட்டும், பாப்போம்."

இப்படிச் சொன்னவர்தான், தெருக்குழாயில் அவன் பெண்டாட்டியை நம் பெண்கள் தள்ளிவிட்டபோது குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தீர்கள். "அவ என்ன செய்தா பாவம்?" என்றீர்கள். அதே வாரம் ஜெபத்தில் அந்த வரிக்கு வாயும் திறக்கவில்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தன என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்தது போன செவ்வாய்க்கிழமைதான்.

அவன் வந்தான், மைனி. தண்டனை முடிந்து வெளியே வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்தான். ஊன்றுகோலும் கையுமாக வாசலில் நின்ற கிழவரை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அஞ்சுகிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். நீங்கள் போய்விட்டது இப்போதுதான் காதில் விழுந்ததாம்.

"உயிரோட இருக்கும்போ வர தைரியம் வரலம்மா. அவங்க என்னய மன்னிச்சிருப்பாங்களா?"

ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இரக்கம் வந்தது. இவன் மேல் இரக்கம் வருகிறதே என்று கோபமும் வந்தது. 'மன்னிச்சிட்டாங்க, போங்க' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு லேசான வேலை! அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது. அவங்களுக்காக நான் சொல்லமாட்டேன். நீங்க வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தாங்க. அது மட்டும் உண்மை."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் தேற்றவில்லை, போகவும் சொல்லவில்லை. அழுது முடித்து நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அவருக்க தங்கச்சில்லா? நீங்க?"

மைனி, எனக்கு அறுபத்தேழு வயது. ஊருக்கெல்லாம் மன்னிப்பைப் பற்றி ஜெபக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். உங்கள் பெயரில் எழுதிக்கூடக் கொடுத்தேன். என் கூடப் பிறந்தவனைக் கொன்றவனை நான் மன்னித்தேனா என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன்.

நாளைக்குச் செவ்வாய். வருவார். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பொய் மட்டும் சொல்லமாட்டேன்.