இந்தப் பேட்டை அவனுக்குப் பிடித்துப்போயிற்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. நீயும் வாண்டும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் "இப்போது வராதே" என்று ஒற்றை வரி எழுதிப் போட்டேன். விடுமுறைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்ட மகளுக்குப் பெற்றவள் எழுதுகிற பதிலா இது என்று சுருக்கென்றிருக்கும். இன்று நீச்சல்குளத்தில் தண்ணீர் மாற்றுகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

நம் பேட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில் பிதுங்கிக்கொண்டு அப்படியேதான் இருக்கிறது. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். பழைய அச்சகத்தை இடித்து மாணவர் விடுதி கட்டிவிட்டார்கள். பூங்காக் குளத்தைச் சுற்றிப் புது பெஞ்சுகள் வந்திருக்கின்றன. நூலகத்துக்கு லிஃப்ட் போட்டார்கள். அப்பா பேப்பர் படிக்கப் போனாரா, லிஃப்டில் ஏறி இறங்கப் போனாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, சலூன், சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரிடமும் வாய் திறக்கவே யோசிக்கிறேன்.

அவன் இங்கே வந்துவிட்டான்.

பூங்காவுக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறான். உன் கை முறிந்த அன்று "படியில வழுக்கி விழுந்துட்டா" என்று டாக்டரிடம் சொல்லிக் கண் கலங்கினானே, அதே சாந்தமான முகம். ரொட்டிக்கடை வரிசையில் என் பின்னால் நின்று, "அத்தை, சௌக்கியமா?" என்றான். என் கைப்பை நழுவி விழுந்தது. அவனே குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

நீ வேலைக்காக வெளியூர் போயிருக்கிறாய் என்றுதானே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. முதியவர்களுக்குப் பை சுமக்கிறான், மாணவர்களின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுக்கிறான். மருந்துக்கடைக்காரர் என்னிடம், "இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார். நான் தலையாட்டிவிட்டு மாத்திரையை அங்கேயே மறந்து வந்துவிட்டேன். போலீஸ் நிலையத்துக்கும் போனேன். "மிரட்டினாரா? கை வெச்சாரா? பூங்கால உக்காந்திருக்கிறது குத்தமாம்மா?" என்று மரியாதையாகவே கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் என் கவுண்டருக்கு வந்தான். "லீவு விட்ட முதல் சனிக்கிழமை என் பொண்ணு வர்றா. நீச்சல் வகுப்புல அவ பேரைச் சேத்துக்குங்க, அத்தை" என்றான். நீ வருவதாக எழுதியது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தானே தெரியும்? வீட்டுக்கு ஓடி வந்து கேட்டேன். பேத்தி வரப்போகிற சந்தோஷத்தில் சலூன்காரரிடம் வாயை விட்டிருக்கிறார் அப்பா. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அன்றிலிருந்து அவர் சலூனுக்கு என்ன, வெளியேயே போவதில்லை. வெட்டாத தலைமுடி காடாகக் கிடக்கிறது. அந்த ஒற்றை வரியை அன்றுதான் உனக்கு எழுதினேன்.

கண்ணாடிக்கு மேலே முறைத்துப் பார்ப்பாளே, நூலகத்து அம்மா, அவள் என்னை அலமாரிக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னாள். அவன் அங்கேயும் போயிருக்கிறான். "என் பொண்ணோட அட்டை எந்த ஊர் நூலகத்துலயும் செல்லுமில்ல? கடைசியா எங்க புத்தகம் எடுத்தான்னு பாத்துச் சொல்லுங்களேன். அவளுக்குப் பிடிச்சதை வாங்கித் தரணும்" என்றானாம். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டேன். "எனக்கு ஒரு அக்கா இருந்தா" என்றாள். வாண்டு அழுதாலும் பரவாயில்லை, அந்த அட்டையை இன்றே வெட்டிப் போடு.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் என் ஜன்னலுக்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்தில் நின்றான். கையில் குழந்தைகள் நீந்தும் ரப்பர் வளையம். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கடிதம் உனக்குக் கிடைக்காமல் போயிருந்தால்? ஒவ்வொரு பேருந்தின் கதவு திறக்கும்போதும் என் உயிர் போய் வந்தது. யாரோ ஒரு குழந்தை குதித்து இறங்கியபோது நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசல்வரை ஓடிவிட்டேன். அதையும் அவன் பார்த்தான்.

குளம் மூடுகிற நேரத்தில் உள்ளே வந்து வளையத்தை என் முன்னால் வைத்தான். "வரலை போலிருக்கே அத்தை. பரவாயில்ல. நான் எங்கயும் போகப்போறதில்ல. இந்தப் பேட்டை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. அவன் போன பிறகு கவுண்டர் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டேன்.

நூலகத்து அம்மா தனக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் நாளை என்னை அழைத்துப்போகிறாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன். இனிமேல் மருந்துக்கடைக்காரரிடமும் மறைப்பதாக இல்லை. அதனால் என்ன நடக்குமோ தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது.

உன் விலாசம் இங்கே யார் கண்ணிலும் படாமலிருக்க, இதை நகரத்துப் பெரிய தபால் நிலையத்தில் போடுகிறேன். நீ பதில் எழுதாதே. போன் பண்ணாதே. உன்னிடமிருந்து ஒன்றும் வராத நாளெல்லாம் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். பாட்டி ஏன் கூப்பிடவில்லை என்று வாண்டு கேட்டால், பாட்டிக்கு வேலை அதிகம் என்று சொல்.

நீங்கள் இருவரும் நூறு வயது வாழவேண்டும், கண்ணே. எங்களை விட்டு எவ்வளவு தூரத்தில் என்றாலும் சரி.

உன்
அம்மா