திறக்காத அத்தர்க் குப்பி

இன்று ஃபேரர் பார்க் வீட்டைக் காலி செய்தோம். குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு கிடைத்திருக்கிறது. அலமாரியின் அடித்தட்டிலிருந்த அத்தர்க் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதைத் திறந்ததில்லை. தக்கை வைத்தபடியே இருக்கிறது. அழுகை வருமென்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினேன்.

புக்கிட் தீமாவில் நாம் ஒன்றாகப் படித்த நாட்களில், வெப்ப இயக்கவியல் வகுப்பு தொடங்கிய வாரம் உனக்கு நினைவிருக்குமா? திறந்த குப்பியிலிருந்து போன வாசனை தானாகத் திரும்பாது என்றார் விரிவுரையாளர். பிறகு அவரே, மூலக்கூறுகளின் கணக்குப்படி திரும்பவே திரும்பாது என்று சொல்வதற்கில்லை, வாய்ப்பு அத்தனை சின்னது, அவ்வளவுதான் என்றார். பேருந்தில் வரும் வழியெல்லாம் நீ அதைச் சொல்லியே சிரித்தாய்.

"வாப்பாகிட்டச் சொல்லணும் லா! ஒரே அத்தரை ரெண்டு தடவை விக்கலாம்."

டன்லப் தெருவில் அத்தர்க் கடை வைத்திருப்பவரின் மகன் வேறு எப்படிப் பேசுவான்!

புள்ளியியல் இயற்பியல் எனக்குத் தண்ணி காட்டியது. உனக்கோ அது விளையாட்டு. பெட்டியிலுள்ள காற்றெல்லாம் தானாக ஒரு பாதிக்குள் போய்ச் சேருமா என்ற கேள்விக்கு, முடியாது என்று நான் எழுதியதைக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அடித்தாய்.

"முடியாதுன்னு எழுதாதேடா. கிட்டத்தட்ட முடியாதுன்னு எழுது. அந்தக் கிட்டத்தட்டலதான் மார்க்கே இருக்கு."

இறுதித் தேர்வு நெருங்கியபோது காய்ச்சலில் படுத்தாய். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

உன்னைப் போர்த்திய கபன் துணியில் தெளிக்க வாப்பாவே கடையிலிருந்து அத்தர் எடுத்து வந்தார். வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எல்லோரும் அழுதார்கள். நானோ, மூலையில் நிற்கும் என்னிடம் அது வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டாய் என்பது எனக்குள் இறங்கவே இல்லை. வாப்பா மிச்சமிருந்த குப்பியை என் கையில் வைத்தார்.

"நீங்க வச்சுக்கங்க தம்பி. இதை இனி எப்படிக் கடையில வைப்பேன்?"

தேர்வில் அதே பெட்டிக் கேள்வி வந்தது. கிட்டத்தட்ட என்பதை மறக்காமல் எழுதினேன். தேறினேன். இப்போது ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எந்த மாணவனாவது முடியாது என்று எழுதினால், சிவப்பு மையில் உன் சொல்லைச் சேர்க்கிறேன். கை அதன்பாட்டுக்குச் செய்கிறது. நான் இன்னும் அந்தக் கூடத்து மூலையில்தான் நிற்கிறேன்.

புது வீட்டில் பெயின்ட் வாடை. மூட்டைகளை இன்னும் பிரிக்கவில்லை. "மழை வருது, ஜன்னலையெல்லாம் சாத்துங்க," என்கிறாள் மனைவி. ஃபேரர் பார்க்கில் போன வாசனை குவீன்ஸ்டவுனுக்கா வரும் என்று நீ சிரிப்பாய். வராது என்று எழுதாதே என்றதும் நீதானே.

மற்ற ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். இந்த ஒன்றைச் சாத்தவில்லை. குப்பியின் தக்கையை எடுத்து வைத்திருக்கிறேன்.