தெஹ்ரானுக்குப் போன கடிதம்

மச்சான்,

போன வாரத்து மழையில் உங்கள் தோல் பையில் பூஞ்சணம் பூத்துவிட்டது. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு அத்தனை தேசம் சுற்றிய அதே பை. வெயிலில் காயப்போடலாம் என்று திறந்தேன். இவ்வளவு வருஷம் கழித்தும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. உள்ளே நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் இருந்தன. தெஹ்ரானுக்குப் போட்டது மட்டும் மடிப்பில் கிழிந்து, கிரீஸ் கறையோடு கிடந்தது. அதைத்தான் அதிகமாகப் பிரித்துப் படித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடத் தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதால் நின்றுகொண்டே இருந்தேன்.

அறுபதுகளின் நடுவில், சண்டை வந்து பாகிஸ்தான் வழி அடைபடுவதற்கு முன்பு, சிதம்பரத்திலிருந்து இஸ்தான்புல் வரை வண்டியிலேயே போகப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். எனக்கு அது மூன்றாவது புறப்பாடு. முதல் தடவை உங்கள் தகப்பனார், என் மாமா, மௌத்தாகி அடக்கமானார், நீங்கள் போகவில்லை. இரண்டாம் தடவை நம் மூத்தவள் குறைமாசத்தில் பிறந்தாள், அப்போதும் போகவில்லை. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு தடவையும் ஆறேழு மாசம் வீட்டுக்குள் வாடகைக்கு வந்தவர் மாதிரி இருந்தீர்கள். சோறு போட்டால் சாப்பிடுவீர்கள், கேட்டால் பதில் சொல்வீர்கள், அவ்வளவுதான். உங்களைத் தேற்றித் தேற்றி நான் ஓய்ந்துபோயிருந்தேன். இது உங்களுக்குத் தெரியாது.

புறப்படுகிற அன்று சுவரில் ஒரு தாளை ஒட்டினீர்கள். லாகூர், குவெட்டா, தெஹ்ரான், எர்சுரும், இஸ்தான்புல். எந்த ஊர்த் தபாலாபீசுக்கு எந்தத் தேதியில் கடிதம் போட வேண்டும் என்று அதில் இருந்தது. நீங்கள் போய்ப் பெயர் சொல்லிக் கேட்கும்வரை அங்கே எடுத்து வைத்திருப்பார்களாம்.

"நா போறதுக்கு முன்னாடி ஒன் கடுதாசி அங்க போயிருக்கணும், பாத்துக்க" என்றீர்கள்.

"அப்ப அடுத்த மாசம் நாங்க எப்புடி இருப்போம்னு இப்பவே எழுதணுமா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கோம்னு எழுது புள்ள. வேற என்னா?"

உங்கள் உம்மா, என் மாமி, உங்கள் நெற்றியில் கை வைத்து ஓதி ஊதினார். நீங்கள் வண்டியை உதைத்தீர்கள்.

நீங்கள் எல்லை தாண்டிய தகவல் வந்த வாரமே மாமி படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது, மருந்தில் சரியாகவும் செய்யலாம் என்றார் டாக்டர். மாமிக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"அவனுக்கு எழுதும்மா. மொவத்தக் காட்டிட்டு அப்புறம் எங்க வேணா போவட்டும்" என்றார்.

அப்போது தெஹ்ரானுக்கு எழுத வேண்டிய நாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுத் தபாலுக்கான நீலத்தாளை விரித்து எழுதினேன். மாமிக்கு எழுத்து தெரியாது.

"எழுதிட்டியா? படி, கேப்போம்."

படித்தேன். "உம்மாவுக்கு ரொம்ப முடியல மச்சான். ஒங்களையே கேக்குறாங்க. ஒடனே பொறப்பட்டு வாங்க."

தாளில் நான் எழுதியிருந்தது வேறு. 'உம்மா நல்ல சுகம். உங்களுக்காக துஆ செய்கிறார்கள். நிதானமாகப் போய் வாருங்கள்.'

மாமி என் தலையைத் தடவி, "நல்லா எழுதியிருக்கே" என்றார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதை நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் பாதி உண்மை. மீதி உண்மை, எனக்குத் தெம்பில்லை. மூன்றாவது தடவையும் நீங்கள் பாதியில் திரும்பி வந்து, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் இன்னொரு தரம் பார்க்க முடியாது என்று தோன்றியது. அசதியில் செய்த காரியம்தான். அசதி என்பதால் அது சின்னக் காரியம் ஆகிவிடாது.

மாமி நாற்பது நாள் கிடந்தார். தெஹ்ரானில் என் கடிதத்தை நீங்கள் வாங்கிய நாளுக்கும் மாமி மௌத்தான நாளுக்கும் நடுவில் நான்கு வாரம் இருந்தது. உண்மையை எழுதியிருந்தால், வண்டியை யாரிடமாவது விட்டுவிட்டு, லாரியிலும் ரயிலிலுமாக நீங்கள் வந்து சேர்ந்திருப்பீர்கள். அடக்கம் முடிந்த மறுவாரம், சுவரிலிருந்த தாள்படி, இஸ்தான்புல்லுக்கு எழுதினேன். எர்சுருமுக்கு எழுதியது போலவே, உம்மா சுகம் என்றுதான் அதிலும் எழுதினேன்.

திரும்பி வந்தபோது தாடியும் புழுதியுமாக வாசலில் நின்று "உம்மா" என்று கூப்பிட்டீர்கள். கையில் எர்சுருமில் அவருக்காக வாங்கிய கம்பளிச் சால்வை. நான் சொன்னேன். நீங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏன் புள்ள ஒரு தந்தி அடிக்கல?"

"ஒங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு அவுங்கதான் சொன்னாங்க மச்சான். போன காரியத்த முடிச்சிட்டு வரட்டும்னு துஆ செஞ்சாங்க."

யோசித்து வைத்த பொய் இல்லை, அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. ஆனால் உங்களுக்கு அது போதுமாயிருந்தது. அப்புறம் எத்தனை வருஷம்! பட்டறைக்கு யார் வந்து பயணத்தைப் பற்றிக் கேட்டாலும் பாலைவனத்தைச் சொல்வீர்கள், பழுதாகி நின்ற லாரிகளுக்கு வேலை பார்த்துக் கொடுத்து ரொட்டி தின்றதைச் சொல்வீர்கள், துருக்கி மலையில் பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றதைச் சொல்வீர்கள். கடைசியில், "எங்க உம்மா சாவக் கெடக்கையிலயும் புள்ள போவட்டும்னாங்க. அந்த துஆவாலதான் நா உசுரோட வந்தது" என்று முடிப்பீர்கள். அந்த இடம் வருமுன்பே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா வேற என்னா சொன்னாங்க புள்ள?" என்று கேட்டீர்கள். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சந்தோஷமாத்தான் போனாங்க" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

மாமி அப்படி எதுவும் சொல்லவில்லை மச்சான். போகட்டும் என்று சொல்லவில்லை. அந்த நாற்பது நாளும், தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் தலையைத் திருப்புவார். நம் தெருவில் அப்போது ஒரு நாளைக்கு இரண்டு வண்டி போனால் ஜாஸ்தி. வண்டி நிற்காமல் போன பிறகும் கொஞ்ச நேரம் தலை அந்தப் பக்கமே இருக்கும். அப்புறம் என்னைப் பார்ப்பார். நான் மருந்து எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன்.

இப்போது நிமிஷத்துக்கு ஒரு பைக் போகிறது. ஒவ்வொன்றுக்கும் நான் வாசலைப் பார்க்கிறேன்.