வாலுவின் மூட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். வாலுவுக்குத்தான் பின்னங்கால் மூட்டில் வீக்கம். நான் தினமும் கூட்டிப்போகும் மைதானத்தில் பந்தைத் துரத்தி, சடாரென்று திரும்பித் திரும்பி வந்த வினையாம்.

"பந்து, குதியாட்டமெல்லாம் வேண்டாம். ஆனா தினமும் மெதுவா நடக்கவிடுங்க. படுத்தே கிடந்தா மூட்டு இறுகிடும்" என்றார் நாய் டாக்டர்.

இவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "அப்ப இனிமே உனக்கு வெளியே என்ன வேலை?" என்று என்னைக் கேட்டுவிட்டு, வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாலு பந்தைக் கவ்வியபடி கதவடியிலேயே கிடக்கிறான். எழுந்தால் நொண்டுகிறான்.

இன்று துவைக்க எடுத்த சட்டையில் அந்தச் சாவி இருந்தது. இன்னொன்று கையில் இருப்பதால் இவர் தேடவில்லை.

உன் வீடுவரை மெதுவாக நடந்தால் வாலுவின் மூட்டுக்கு நல்லதுதான். நாளை காலை இவர் வேலைக்குப் போனதும் கிளம்புகிறோம். இதை மாலைப் பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கதவைத் தாழிடாதே.

உன் தங்கை