பதின்மூன்று மாகாணத்துக்கும் ஒரே குண்டு

பிலடெல்பியா, 1776 ஜூலை 8

மாகாணங்களின் சபையில் இன்று உப்புக்கு ஒரு குழு, கம்பளிக்கு ஒரு குழு. வண்டிக்காரன் ஒருவனின் செத்த குதிரைக்கு யார் ஈடு கொடுப்பது என்று ஒரு மணி நேரச் சண்டை. முடிவில் அதற்கும் ஒரு குழு! இங்கிலாந்து அரசரை எதிர்த்துப் போர் நடத்துகிற லட்சணம் இது. ஒற்றர் பயத்தில் ஜன்னலெல்லாம் சாத்தி, உள்ளே வெந்து போகிறோம். லாயத்து ஈ காலுறையைத் துளைத்துக் கடிக்கிறது.

ஆனாலும் என்ன ஒரு நாள்! என்னை ஈயக் குழுவில் போட்டிருக்கிறார்கள். குண்டு வார்க்க ஈயம் சேர்க்கும் வேலை. தம்பி, கேப்டன் ஜோதம், வடக்கே ஆற்றங்கரையில் தன் படைப்பிரிவோடு கிடக்கிறான். ஆளுக்கு மூன்று குண்டுதான் மிச்சமாம். அவனுக்கு நான் அனுப்பப் போகிறேன். நானே!

ஜூலை 11

கூரைத் தகடு, கடிகார எடை, தண்ணீர்க் குழாய் — ஊரே ஈயத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி திருமதி டார்கஸ், ஜன்னல் சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கும் ஈயக் கட்டிகளைத் தன் கையாலேயே அறுத்துக் கொடுத்தாள்.

"இந்தக் கட்டி இழுத்துப் பிடிக்கலேன்னா தூக்கின ஜன்னல் நிக்காது, பொத்துனு விழும். உங்க தலையில விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது, ஆமா!"

ஜூலை 12

குண்டு எந்த அளவில்? தெற்கத்திப் பிரதிநிதி குவிலிம், "எங்க துப்பாக்கிக்கு வாய் பெருசு" என்றார். எங்கள் துப்பாக்கிக்கு வாய் சிறிது. மாகாணத்துக்கு ஓர் அளவு, ஆளுக்கொரு கூச்சல். நான் எழுந்தேன். நடு அளவில் வார்ப்போம்! எல்லோருக்கும் ஒரே குண்டு! வார்த்த குண்டே போகும்போது வீரர்கள் எதற்கு வார்ப்பு அச்சைச் சுமக்க வேண்டும்? அச்செல்லாம் இங்கே திரும்பட்டும்!

மேஜையைத் தட்டித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். எங்கள் மாகாணத்தின் இன்னொரு பிரதிநிதி ஓபெத் டிராஸ்க், எதைச் சொன்னாலும் குறுக்கே விழுகிற மனிதர், அவர்கூட வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 16

குண்டு வண்டிகள் போயின. தெருவில் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினேன். வயதுக்கு ஏற்ற காரியம் இல்லை. போகட்டும்.

ஜூலை 27

ஐயோ.

ஜோதமின் ஆள், சார்ஜண்ட் கிட்னி, புழுதியோடு வந்து நின்றான். என் குண்டு ஒன்றை மேஜையில் வைத்தான். "ஐயா, இது எங்க துப்பாக்கியில நுழையவே மாட்டேங்குது. தெற்கத்திக்காரங்களோடதுல போட்டா, குனிஞ்சா உருண்டு விழுது. உருக்கி வார்க்கலாம்னா அச்சு எங்க? அதான் வாங்கி வச்சுக்கிட்டீங்களே!"

எதிரிக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவாம். "ஜோதம் என்ன சொன்னான்?" என்றேன்.

"கேப்டன் உங்களைத் திட்டவே இல்லை ஐயா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அச்சுகள் சபை முற்றத்தில் பீப்பாயில் சும்மா கிடக்கின்றன. தீர்மானம் இல்லாமல் காவலாள் ஒன்றையும் தர மாட்டான். எவன்டா இந்த யோசனையைச் சொன்னது? நான்தான். என் வாய்தான். என் வாயால என் தம்பி சாகணுமா?

ஜூலை 28, ஞாயிறு

தேவாலய வாசலிலேயே ஓபெத்தைப் பிடித்தேன். அச்சைத் திருப்பி அனுப்ப அவர் சம்மதம் வேண்டும். சபையில் மாகாணத்துக்கு ஒரே வாக்கு. எங்கள் மாகாணத்துக்கு நாங்கள் இரண்டே பேர். நான் ஒன்று, அவர் ஒன்று சொன்னால் எங்கள் வாக்கே செல்லாது.

"போட்ட தீர்மானத்தை உடனே மாத்தினா ஊர் சிரிக்காதாய்யா?"

"சிரிக்கட்டும்! என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்!"

"யோசிக்கிறேன்" என்றார். இவர் யோசித்து முடிப்பதற்குள் பனியே விழுந்துவிடும்.

ஜூலை 29

முடிந்தது!

அச்சைத் திருப்பி அனுப்ப ஆறு மாகாணம், வேண்டாமென்று ஆறு. மிச்சம் எங்கள் வாக்கு. நான் எழுந்து, புத்தி கெட்டது எனக்குத்தான் என்று சொல்லி, கிட்னியின் துப்பாக்கியை நிறுத்தி என் குண்டை வைத்தேன். வாய்மேல் தவளை மாதிரி உட்கார்ந்துகொண்டது. குவிலிம் தொடையைத் தட்டிச் சிரித்தார். கூடமே சிரித்தது.

ஓபெத் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்து எழுந்தார். "எங்க ஊர்க்காரனைப் பாத்து நீ என்னய்யா சிரிக்கிறது? அவனைத் திட்டணும்னா நான் திட்டிக்கிறேன்!" எழுத்தர் பக்கம் திரும்பினார். "அச்சு போகட்டும். எங்க வாக்கு அதுதான், எழுதும்!"

குறுக்கே விழுகிற அந்தக் குணம் நன்றாயிருக்கட்டும். வெயில் தாழுமுன் கிட்னி பீப்பாய்களோடு கிளம்பிவிட்டான்.

ஆகஸ்ட் 6

வினிகர் பற்றி விவாதம். காதில் ஒன்றும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 9

வடக்கே சண்டையாம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை? கேட்டால் எவனுக்கும் தெரியவில்லை. கடவுளே.

ஆகஸ்ட் 17

ஜோதம் வந்தான்! இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது. மற்றபடி முழுசாக இருக்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

"அச்சு வந்த மறுநாளே எதிரிங்க வந்துட்டாங்கண்ணே. குண்டு சூடு ஆறுறதுக்குள்ள சுட்டோம். கரையை விடல." செத்தவர்களின் பெயர்களை மெல்லச் சொன்னான். ஒன்பது பேர். கிட்னியும்.

பெயர்கள் முடிந்ததும், "புழுங்குதுண்ணே" என்று எழுந்து ஜன்னலைத் தூக்கினான். பொத்தென்று விழுந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது.

"என்ன ஜன்னல் இது? உள்ள இருந்த ஈயக் கட்டி எங்கண்ணே?"

"அதைத்தான் நீ சுட்டுட்டு வந்திருக்கியேடா!"

என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு நல்ல கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான், காற்று வரட்டும் என்று.